அட்மிஷன் கிடைத்த பிறகு காணாமல் போகிறவர்கள்

கேள்வி: டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்து அங்கேயே வேலை பார்க்கிறேன். ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழி நாடுகளை வேராகக் கொண்ட) மாணவர்களைச் சேர்க்கவும், சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவும் எங்கள் அலுமனி (முன்னாள் மாணவர்) சங்கம் ஒரு தன்னார்வலர் குழு அமைக்கிறது. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. இதில் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

பதில்:

இப்படிப்பட்ட குழுக்களில் பாதி முதல் கூட்டத்திலேயே வழி தவறிவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பேசுவது, டி-ஷர்ட் கொடுப்பது, "உன்னால் முடியும்" என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது. அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசை ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் கைநழுவிப்போவது அட்மிஷன் கடிதம் வந்த பிறகுதான். அமெரிக்காவில் இதற்கு "கோடைக் கரைவு" என்றே ஒரு பெயர் உண்டு. காசில்மன், பேஜ் என்ற இரு ஆய்வாளர்களின் கணக்குப்படி, கல்லூரிக்குப் போவதென்று முடிவெடுத்துப் பள்ளி முடித்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் அந்த இலையுதிர் பருவத்தில் எந்தக் கல்லூரியிலும் சேர்வதில்லை. வருமானம் குறைந்த குடும்பங்களில் இது இன்னும் அதிகம். காரணம் மதிப்பெண் அல்ல. ஒரு கையெழுத்து, ஒரு தடுப்பூசிச் சான்று, 800 டாலர் பில் என்று சின்னச் சின்ன விஷயங்கள். ஒவ்வொன்றையும் பார்க்க ஓர் அலுவலகம் இருக்கிறது. ஓர் அலுவலகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்க்கத்தான் ஆளில்லை. தன்னார்வலருக்கான இடம் அதுதான்.

அலுமனியை இப்போது தேடுவதற்கும் காரணம் உண்டு. டெக்சாஸின் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களை, அதாவது சிறுபான்மை மாணவர்களுக்குத் துணைநின்ற பிரிவுகளை, தடை செய்துவிட்டது. முழுநேர அளவுக்குச் சமப்படுத்தி எண்ணிய இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 சதவீதம் ஹிஸ்பானிக்காக உள்ள கல்லூரிகளுக்கு 1992 முதல் சட்டத்தில் தனி அடையாளமும், அதையொட்டி மானியமும் இருந்தன. அந்த மானியங்களில் பெரும்பகுதியை 2025 செப்டம்பரில் மத்தியக் கல்வித்துறை நிறுத்தியது. சம்பள ஆட்கள் செய்த வேலை நடுத்தெருவில் நிற்கிறது. அதை முழுக்கத் தூக்கிச் சுமக்கத் தன்னார்வலர்களால் முடியாது, அப்படி வாக்குக் கொடுக்கவும் கூடாது. ஆனால் பழைய மாணவர்கள் இதைச் செய்வது புதிதல்ல. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லத்தீனோ அலுமனி சங்கம் 1973 முதல் இயங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஷபோ கம்யூனிட்டி காலேஜில் 1981-இல் தொடங்கிய புவென்டே திட்டம், ஓர் ஆங்கில ஆசிரியர், ஓர் ஆலோசகர், வெளியிலிருந்து ஒரு வழிகாட்டி என்று மூவரை ஒரே மாணவரோடு இணைத்தது. அந்த மூன்றாவது நாற்காலிதான் உங்களுடையது.

சட்ட எல்லையை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜூன் 29-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்க முடியாது. உதவித் திட்டத்தையும் "ஹிஸ்பானிக் மாணவர்களுக்கு மட்டும்" என்று அறிவித்தால் வழக்கு வர வாய்ப்புண்டு. பள்ளியை வைத்தோ, மாவட்டத்தை வைத்தோ, "குடும்பத்தில் முதல் பட்டதாரி" என்றோ தேர்ந்தெடுத்து, எல்லோருக்கும் கதவைத் திறந்து வையுங்கள். ஹிஸ்பானிக் மக்கள் பெரும்பான்மையாக வாழும் எல் பாசோவிலோ ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலோ நாலு பள்ளிகளை எடுத்துக்கொண்டாலே யாரைச் சென்றடைய வேண்டுமோ அவர்கள் தானாக வந்துவிடுவார்கள். இன்னொன்று, 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டம். மாணவர் எழுத்தில் சம்மதம் தராமல் அவருடைய மதிப்பெண், பில், உதவித்தொகை விவரம் எதையும் பல்கலைக்கழகம் உங்களுக்குக் காட்டாது. அந்தச் சம்மதப் படிவத்தை அறிமுகக் கூட்டத்திலேயே வாங்கிவிடுங்கள். அக்டோபரில் பிரச்சினை வந்த பிறகு வாங்க ஓடினால் இரண்டு வாரம் போய்விடும்.

ஹிஸ்பானிக் என்றால் ஒரே கூட்டம் என்று நினைக்காதீர்கள். நாலு தலைமுறையாக டெக்சாஸில் இருக்கும் மெக்சிகன் அமெரிக்கப் பையனுக்கு ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் வராமல் இருக்கலாம். போர்ட்டோ ரீக்கோக்காரர் 1917 முதலே பிறப்பால் அமெரிக்கக் குடிமகன், அவரிடம் விசாவைப் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பார். குவாத்தமாலாவிலிருந்து வந்த தாய்க்கு வீட்டுமொழி ஏதோ ஒரு மாயா மொழியாக இருந்தால், நீங்கள் அச்சடித்த ஸ்பானிஷ் துண்டறிக்கையும் பயன்படாது. குடும்பப் பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

இனி வேலை. முதலாவது ஃபாஃப்ஸா, அதாவது மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம். வழக்கமாக அக்டோபர் 1-இல் திறக்கும். டெக்சாஸில் 2021-22 முதல், பள்ளி முடிக்க வேண்டுமென்றால் இதையோ மாநில விண்ணப்பத்தையோ போட வேண்டும், அல்லது வேண்டாமென்று எழுதித் தர வேண்டும். அதனால் எல்லாப் பிள்ளைகளும் "போட்டாச்சு" என்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "பிராசஸ் ஆகிவிட்டது என்று திரையில் காட்டுகிறதா?" அனுப்பியதற்கும் பிராசஸ் ஆனதற்கும் நடுவே நிறையப் படிவங்கள் தூங்குகின்றன. மிகச் சாதாரணமான காரணம், பெற்றோரின் ஒப்புதல் இல்லாமை. 2024-25 படிவத்திலிருந்து மாணவர், பெற்றோர் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். வரித் தகவலை எடுக்கத் தனித்தனியாகச் சம்மதமும் தர வேண்டும். வரியே கட்டாத பெற்றோரும் தந்தாக வேண்டும். தராவிட்டால் மத்திய உதவி ஒரு டாலர்கூட வராது. பெற்றோர் பிரிந்திருந்தால், பிள்ளை யாரோடு வசிக்கிறது என்பது இப்போது கணக்கில்லை. கடந்த 12 மாதத்தில் யார் அதிகம் செலவழித்தாரோ அவர்தான் படிவத்தில் வர வேண்டும். பழைய விதியை மனப்பாடமாக வைத்திருக்கும் தன்னார்வலர்கள் இங்கே தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் பெயர். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டில் ஏற்றி, "கடைசிப் பெயர் எது?" என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கியவர்கள் நாம். ஸ்பானிஷ் மரபில் அப்பாவின் குடும்பப் பெயர், அம்மாவின் குடும்பப் பெயர் என்று இரண்டு வரும். கார்சியா லோபெஸ் என்ற பெண், பள்ளிப் பதிவேட்டில் லோபெஸ், சமூகப் பாதுகாப்பு அட்டையில் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண் உள்ள அட்டை) கார்சியா லோபெஸ், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நடுவே கோடு போட்டு கார்சியா-லோபெஸ் என்று மூன்று ஆளாக இருப்பாள். ஃபாஃப்ஸா கணக்கு, பெயரையும் பிறந்த தேதியையும் அந்த அட்டை எண்ணையும் சமூகப் பாதுகாப்புத் துறையோடு ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் நிற்கும். பல்கலைக்கழகக் கணினியில் ஃபாஃப்ஸா ஓர் ஆளுக்கும் அட்மிஷன் இன்னோர் ஆளுக்கும் போய்ச் சேர்ந்து, "உங்கள் ஃபாஃப்ஸா வரவில்லை" என்ற மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். செப்டம்பரிலேயே அட்டையை மேசைமேல் வைத்து, அதில் உள்ள எழுத்தை அப்படியே எல்லா இடத்திலும் போடச் சொன்னால் இருபது நிமிட வேலை. ஏப்ரலில் திருத்தப் போனால் வாரக்கணக்கு.

செய்யக்கூடாத இரண்டு இருக்கின்றன. கடவுச்சொல்லை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளக்கூடாது, அவர்களுக்காக நீங்கள் தட்டவும் கூடாது. அந்தக் கணக்கு சட்டப்படி ஒரு கையெழுத்து. இரண்டாவது, குடியேற்ற நிலை பற்றி எதுவும் கேட்காதீர்கள், ஆலோசனையும் சொல்லாதீர்கள். பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டாலும் கணக்குத் தொடங்க வழி உண்டு என்பது உண்மை. ஆனால் தொடங்கலாமா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு, தேவைப்பட்டால் வழக்கறிஞரின் வேலை. குடியேற்ற ஆவணமில்லாத மாணவர்களுக்கு உள்மாநிலக் கட்டணம் (மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம்) தரும் சட்டத்தை 2001-இல் நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது டெக்சாஸ்தான். அது 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் முடங்கியது. 2024-இல் அச்சடித்த துண்டறிக்கையை இன்றைக்கு நீட்டினால் ஒரு குடும்பம் வெளிமாநிலக் கட்டணத்தில் போய் மாட்டும். இந்தத் தலைப்பில் எதையும் அச்சடிக்காமல், நிதியுதவி அலுவலகத்தின் அன்றைய பக்கத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மார்ச், ஏப்ரலில் நிதியுதவிக் கடிதம் வரும். தன்னார்வலரின் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரம் எது என்று கேட்டால், இந்தக் கடிதத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிப்பதுதான் என்பேன். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கட்டணம் 11,500, விடுதியும் சாப்பாடும் 12,000. பல்கலைக்கழகம் பில் போடும் தொகை 23,500 டாலர். புத்தகம், போக்குவரத்து, கைச்செலவு 5,500 தனி. கடிதத்தில் இப்படி இருக்கும்: பெல் மானியம் 7,395 (வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தருவது, 2025-26-க்கு இதுதான் உச்சவரம்பு), மாநில மானியம் 5,000, பல்கலைக்கழக உதவித்தொகை 4,000, மத்தியக் கடன் 5,500, வளாக வேலை 2,500. கீழே தடித்த எழுத்தில் மொத்தம் 24,395. அப்பா பார்க்கிறார், பில்லைவிட உதவி அதிகம், கவலையில்லை என்று நினைக்கிறார்.

ஆனால் வளாக வேலைப் பணம் பில்லில் கழியாது. பிள்ளை வேலை தேடி, மணிக்கணக்கு பார்த்து, சம்பளமாக வாங்க வேண்டிய பணம் அது. கழித்தால் கைக்கு வருவது 21,895. பில்லில் 1,605 பாக்கி, பருவத்துக்கு 800-க்கு மேல். கடனோ, முதல்முறை வாங்குபவர் இணையவழி ஆலோசனைப் பாடத்தை முடித்துக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடாமல் வராது. அது வராவிட்டால் பாக்கி 7,105 ஆகிவிடும். ஆகஸ்ட் மாதம் பணம் கட்டாததால் பாடங்கள் ரத்தானவர்களில் பலர் இந்த இரண்டு பட்டனை அழுத்தாதவர்கள்தான். கடன் என்றாலே ஒதுங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. வற்புறுத்தாதீர்கள். 5,500-இல் படிக்கும் காலத்துக்கு வட்டியை அரசே ஏற்கும் பகுதி 3,500 வரை இருக்கலாம், அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம் என்பதைச் சொன்னால் போதும். மாணவர் தன் வீட்டிலிருந்தே போய்வருவதாக இருந்தால் விடுதிச் செலவு 12,000 பறந்துபோகும். ஆனால் செலவு குறைந்ததென்று நிதியுதவி அலுவலகம் உதவியையும் குறைக்கலாம். விடுதியை ரத்து செய்வதற்கு முன் அவர்களிடம் புதுக் கணக்குக் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்து போய்வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. நிறையத் தன்னார்வலர்கள், "குடும்பத்தை விட்டு வெளியே வந்தால்தான் முன்னேறுவாய்" என்று பேசிவிடுகிறார்கள். அந்த வீட்டுக் கதவு அதோடு மூடியது. ஸ்பானிஷில் கொன்ஃபியான்ஸா என்பார்கள், நம்பிக்கை. அம்மாவின் நம்பிக்கை இல்லாமல் பிள்ளையின் கையெழுத்து கிடைக்காது. பெற்றோர் கூட்டத்தை வேலை முடிந்து வரும்படி மாலை ஆறரைக்கு வையுங்கள். சாப்பாடு இருக்கட்டும், சின்னக் குழந்தைகளுக்கு ஒரு மூலையும் ஒரு பெட்டி வண்ணப் பென்சிலும் இருக்கட்டும். ஸ்பானிஷில் பேசுபவர் முதலில் பேசட்டும், ஆங்கிலம் பிறகு. மொழிபெயர்ப்பைப் பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள். தன் பில்லைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை கசப்பான எண்களை விழுங்கிவிடும்.

மே 1 வாக்கில் சேர்க்கையை உறுதி செய்த பிறகு பள்ளியின் ஆலோசகர் விடுமுறையில் போய்விடுவார், பல்கலைக்கழக ஆலோசகர் இன்னும் பொறுப்பெடுத்திருக்கமாட்டார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் மட்டுமே. டெக்சாஸில் தவறாமல் இடறும் கல் மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறை அழற்சி) தடுப்பூசி. 22 வயதுக்குக் கீழே உள்ள புது மாணவர், பருவம் தொடங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும், போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. "அதுதான் ஏழாம் வகுப்பிலேயே போட்டோமே" என்பார்கள். பதினோரு, பன்னிரண்டு வயதில் போட்டது பதினெட்டில் செல்லாது. சான்றை ஏற்றாவிட்டால் கணினியில் தடை விழுந்து பாடப்பதிவே நடக்காது.

இந்த மாதங்களில் குறுஞ்செய்திதான் கருவி. மின்னஞ்சலை அவர்கள் திறப்பதில்லை. "எப்படிப் போகுது, ஏதாவது உதவி வேணுமா?" என்று அனுப்பினால் "நல்லாப் போகுது, நன்றி" என்று வரும். அதற்குப் பிறகும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு செய்தியில் ஒரே வேலை, ஒரே தேதி, ஆம் இல்லை என்று முடியும் ஒரே கேள்வி: "மெனிஞ்சைட்டிஸ் சான்றை ஆகஸ்ட் 8 வெள்ளிக்குள் ஏற்றணும். ஊசி போட்டாச்சா?" இல்லை என்று வந்தால் அன்றைக்கே ஐந்து நிமிடம் அழைப்பு. வாரத்துக்கு ஒரு செய்திக்கு மேல் வேண்டாம், மூன்றாவதிலிருந்து படிக்கமாட்டார்கள். அனுப்புவது சங்கத்தின் கணக்கிலிருந்து போகட்டும். பலர் இன்னும் பதினெட்டு நிறையாதவர்கள், தனி எண்ணில் தனியாகப் பேசுவது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பில்லை. காவல் பின்னணிச் சோதனையும், நேரில் சந்தித்தால் பொது இடமும் கட்டாயம்.

வகுப்பு தொடங்கியதும் பெரும்பாலான குழுக்கள் கேக் வெட்டிக் கலைந்துவிடுகின்றன. அங்கேதான் இரண்டாவது பள்ளம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் நீள்பருவத்தின் (இலையுதிர் அல்லது வசந்தப் பருவம்) பன்னிரண்டாவது பாட நாள் கணக்கெடுப்பு நாள். அதற்கு முன் விட்ட பாடம் பதிவிலேயே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் பட்டப்படிப்பு முழுவதற்கும் சேர்த்து ஆறு பாடம்தான் விடலாம் என்ற 2007-ஆம் ஆண்டு விதியில் ஒன்று கழியும். அதனால் ஒன்பதாவது, பத்தாவது நாளில் ஒரு அழைப்பு: எந்தப் பாடம் புரியவில்லை, வேலை வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? முப்பது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டு 15 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) எடுத்திருந்தால் ஏதோ ஒன்று உடையும். அதைப் பன்னிரண்டாவது நாளுக்குள் பேசி முடிக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்தை நாலு ஆண்டில் முடிக்கப் பருவத்துக்கு 15 வேண்டும், முழுநேர மாணவராக இருக்க 12 போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நின்றுவிட்டால் போயிற்று என்று சும்மா வராமல் இருப்பது மிக மோசமான விடைபெறல். பருவத்தின் 60 சதவீதத்துக்கு முன் விலகினால் மத்திய உதவியில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டும், அது மாணவரின் தலையில் கடனாக நிற்கும். எடுத்த கிரெடிட்டில் பெரும்பாலும் 67 சதவீதம் தேறி, மதிப்பெண் சராசரி நாலுக்கு 2.0 இல்லாவிட்டால் அடுத்து உதவியே நிற்கும். ஆனால் மேல்முறையீடு உண்டு: வீட்டில் நோய், மரணம், வேலை இழப்பு என்றால் சான்றோடு ஒரு பக்கக் கடிதம். என்ன நடந்தது, இனி என்ன மாறும் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகள் முதலாவதை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள், நிராகரிக்கப்படுகிறது. இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்க்க ஸ்பானிஷ் தேவையில்லை.

பணம் திரட்டுவதென்றால், சங்கங்கள் வழக்கமாக நிரந்தர உதவித்தொகை நிதி வைக்கத் துடிக்கின்றன, பெயர்ப்பலகை கிடைக்கும் என்பதால். 25,000 டாலர் போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம், அதாவது 1,000 டாலர், ஒரு மாணவர். அதில் 3,000 டாலரைச் சின்னப் பாக்கிகளுக்கென்று கையில் வைத்தால் 300 டாலர் இல்லாமல் நிற்கும் பத்துப் பேர் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியும். ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 முதல் இப்படித்தான் செய்கிறது. 2,500 டாலர் வரை, சராசரி 1,000-க்குள். ஆனால் எந்தப் பணத்தையும் மாணவர் கையில் நேரே கொடுக்காதீர்கள். வெளி உதவித்தொகை வந்ததும் பல்கலைக்கழகம் தன் உதவியை அதே அளவு குறைத்துவிடும் வழக்கம் உண்டு. மேரிலாந்து இதைக் கட்டுப்படுத்த 2017-இல் சட்டமே போட்டது. நிதியுதவி அலுவலகத்திடம் அந்த மாணவருக்கு நிரம்பாத தேவை எவ்வளவு என்று கேட்டு, அந்த இடத்தில் வைத்தால் பணம் நிற்கும்.

குழுவின் அளவைப் பற்றி என் கருத்து: ஒருவருக்கு ஐந்து மாணவர், அதற்கு மேல் வேண்டாம். மாதத்துக்கு நாலு மணி நேரம், ஆகஸ்டில் எட்டு. தன்னார்வலர்களில் மூன்றில் ஒருவர் கிறிஸ்துமஸுக்குள் காணாமல் போவார் என்று வைத்தே தொடங்குங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் அரைப் பக்கக் குறிப்பு, கடைசியாகப் பேசிய நாள், அடுத்த வேலை. ஆள் மாறினாலும் பிள்ளை முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது. நடத்திய கூட்டங்களை எண்ணாதீர்கள். மே மாதம் உறுதி செய்தவர்களில் பன்னிரண்டாவது பாட நாளில் பாக்கியின்றி இருந்தவர் எத்தனை, ஜனவரியில் திரும்பியவர் எத்தனை, அடுத்த இலையுதிர் பருவத்தில் எத்தனை என்ற மூன்று எண்களைப் பார்த்தால் போதும்.

ஸ்பானிஷ் கேள்விக்கு வருகிறேன். படிவம், கடிதம், தேதி, குறுஞ்செய்தி எல்லாம் பிள்ளையோடு ஆங்கிலத்தில் நடப்பவை, அதற்கு மொழி தடையில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் ஸ்பானிஷ் பேசுபவரோடு ஜோடியாகப் போங்கள். வணக்கம் சொல்லவும் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் கற்றுக்கொண்டு போங்கள். பெரியவர்களிடம் "தூ" வேண்டாம், "உஸ்தேத்" சொல்லுங்கள். தமிழில் "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் உள்ள அதே தூரம்தான். வெளிநாட்டு மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் வந்து படித்தவரென்றால் உங்களுக்கு ஃபாஃப்ஸா நிரப்பிய அனுபவம் இருக்க வாய்ப்பில்லை. அரசின் இணையதளத்தில் உதவித்தொகையைத் தோராயமாகக் கணக்கிடும் கருவி இருக்கிறது. முதல் மாணவரைச் சந்திக்கும் முன் ஒரு மாதிரிக் குடும்பத்தின் எண்களைப் போட்டு இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.